இரண்டாம் உலகப்போரில் லங்காஸ்டர் போன்ற கனமான பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் புல்தரையிலிருந்தா கிளம்பின?

ஆமாம், கிளம்பின. நல்ல உதாரணம் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள ஸ்காம்ப்டன் விமானப்படைத் தளம்.

1936இல் அது திறக்கப்பட்டபோது ஓடுபாதை என்று தனியாக ஒன்று கிடையாது, பரந்த புல்வெளிதான். அன்றைய விமானங்கள் எடை குறைவானவை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை எதிர்த்து ஓடி மேலேறலாம். புல்வெளியில் அது சுலபம். போர் அறிவித்த 1939 செப்டம்பர் 3 அன்றே இங்கிருந்து ஹாம்ப்டன் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன.

அப்புறம் எடை கூடிக்கொண்டே போனது. 1943 மே 16 இரவை நினைத்துப் பாருங்கள். 617ஆம் படைப்பிரிவின் 19 லங்காஸ்டர்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் சுமார் 4 டன் எடையுள்ள உருளை வடிவக் குண்டு. அந்தப் புல்லின் மேல் ஓடித்தான் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போனார்கள். எட்டு விமானங்கள் திரும்பவில்லை. போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். அணை உடைந்த வெள்ளத்தில் மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பலர் அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர்கள். இதைச் சொல்லாமல் அந்த இரவைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மழை பெய்தால் புல்தரை சேறாகிவிடும், இவ்வளவு எடையைத் தாங்காது. அதனால் சில மாதங்களிலேயே தளத்தை மூடி கான்கிரீட் ஓடுபாதைகள் போட்டார்கள். 1950களில் வல்கன் என்ற ஜெட் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் பாதையை நீட்டியபோது, பக்கத்தில் நேர்கோடாகப் போன பழைய ரோமானியச் சாலையையே வளைக்க வேண்டியதாயிற்று. வரைபடத்தில் பாருங்கள், அந்த வளைவு இன்றும் தெரியும்.