பிக் லைன் போட்ட கை வீங்கினால்

கேள்வி: அம்மாவுக்கு வலது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து மதுரையில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. இடது கையில் பிக் லைன் (கீமோ மருந்து ஏற்றக் கையின் ரத்தக்குழாய் வழியாக நெஞ்சு வரை விடும் மெல்லிய குழாய்) போட்டு மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாளாகக் கை வீங்கி, அக்குள் வரை வலிக்கிறது. குடம் தூக்கியதால்தான் ரத்தம் கட்டிவிட்டது என்று அத்தை திட்டுகிறார். கீமோபோர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு கருவி) வைத்தவர்களுக்கு இப்படி வருவதில்லையாமே? லைனை எடுத்துவிடச் சொல்லட்டுமா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காமல் இன்றைக்கே கிளம்புங்கள். கையிலும் கழுத்திலும் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். அதுவரை கையை நீவிவிடவோ எண்ணெய் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே 108.

தயவுசெய்து அம்மாவை யாரும் திட்டாதீர்கள். லைன் உள்ள கையால் பாரம் தூக்கக் கூடாதுதான். குழாய் இடம் நகரலாம். ஆனால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டுவதற்குப் பெரிய காரணங்கள் வேறு. புற்றுநோயே ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும். சில கீமோ மருந்துகளும் அதற்குத் துணைபோகும். முன்பு எப்போதாவது காலிலோ கையிலோ ரத்தம் கட்டியிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அப்படி நடந்திருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது குழாயின் பருமன். என்னைக் கேட்டால், லைன் போடும் முன்பே பேச வேண்டிய விஷயம் இதுதான். குழாயின் விட்டம் ரத்தக்குழாய் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. 4 பிரெஞ்ச் (குழாயின் பருமனைச் சொல்லும் அளவு) குழாய் சுமார் 1.3 மி.மீ. பருமன்; அதற்கே ரத்தக்குழாய் 3 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். மெலிந்த கையில் அந்த இடம் கிடைக்காமல் போகலாம். இரண்டு, மூன்று வழி உள்ள குழாய் இன்னும் தடிமன். தேவை இல்லாமல் அதைப் போடக் கூடாது. குழாயின் நுனி இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயின் அடிப்பகுதி வரை போகாமல் மேலேயே நின்றுவிட்டாலும், பல முறை குத்திப் போட்டிருந்தாலும், கிருமித் தொற்று வந்தாலும் ரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம்.

கீமோபோர்ட்டில் குழாய் நேரே கழுத்து அல்லது மார்புப் பகுதியின் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகிறது. அங்கே ரத்த ஓட்டம் வேகமானது. அதனால் பிக் லைனைவிட அதில் ரத்தம் கட்டுவது குறைவுதான். வரவே வராது என்று சொல்ல முடியாது.

சரி, லைனை எடுக்க வேண்டுமா? ரத்தம் கட்டியிருந்தாலும் உடனே எடுத்தாக வேண்டும் என்றில்லை. லைன் நன்றாக வேலை செய்து, தொற்று இல்லாமல், கீமோவுக்கும் தேவைப்பட்டால் அதை வைத்துக்கொண்டே ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். குறைந்தது 3 மாதம். லைன் அதற்கு மேலும் இருந்தால், இருக்கும் வரை. கீமோவில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறையும் என்பதால் அந்த அளவைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம்.

பயந்துபோய்க் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு. தலை வாரலாம், சாதம் பிசையலாம், விரல்களை மூடித் திறக்கலாம். அப்புறம், பஸ்ஸில் பாத்ரூம் கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் வருகிற அம்மாக்கள் நம் பக்கம் நிறைய. டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, கையில் ஒரு பாட்டில் கொடுத்து வழியிலேயே குடிக்க வையுங்கள்.