திருகோணமலையில் மேடை நிகழ்ச்சி செய்கிறோம், எந்த லைற் கொன்சோல் (லைற்றுகளை இயக்கும் பலகை) வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் தந்த விபரம் இது. சின்னதாக ஒரு ஒளி ஒலிச் சேவை நடத்துகிறார். கையில் 8 பீம் மூவிங் ஹெட் (தலை சுழன்று ஒடுங்கிய கதிர் வீசும் லைற்), 12 எல்ஈடி பார் (PAR) லைற், அதாவது மேடைக்கு நிற வெளிச்சம் போடுபவை. ஓட்டுவது 192 சனல் கொன்றோலரில். (லைற்றின் நிறம், திசை, வெளிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சனல்.) கோயில் திருவிழா இசை நிகழ்ச்சி, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் கல்யாணம், இடைக்கிடை பாடசாலைக் கலைவிழா. எம்ஏ, அவோலைட்ஸ் என்ற கொன்சோல் பிராண்டுகளில் ஒன்றை வாங்குவதா, லப்டொப்போடு சமாளிப்பதா என்பதுதான் குழப்பம்.

நானும் இந்த ஊரில் லைற் ஓட்டுகிறவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பத்து பிளேபக் ஃபேடர் (பதிந்து வைத்ததை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழ்) கைக்கு எட்டுகிற சிறிய கொன்சோல் பாருங்கள். காசு இறுக்கமென்றால் லப்டொப்பும், அதில் மாட்டுகிற ஃபேடரும் பட்டனும் உள்ள ஒரு மிடி பெட்டியும். எம்ஏ இப்போதைக்கு வேண்டாம். ஏனென்று கேட்டால், உங்களுக்கு வருகிற நிகழ்ச்சிகள் அப்படி.

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை சனல்?" என்றுதான். அதைச் சட்டென்று முடித்துவிடலாம். டிஎம்எக்ஸ் 512 என்பது லைற்றுகளுக்குக் கட்டளை அனுப்ப 1986இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக்காரர்கள் வகுத்த முறை. ஒரு வயரில் 512 சனல், அதைத்தான் ஒரு யூனிவர்ஸ் என்கிறோம். சந்தையில் கிடைக்கிற பீம்கள் பெரும்பாலும் 16 சனல் மோட்டில் ஓடும், எட்டுக்கும் 128. பார் லைற்றை 8 சனல் மோட்டில் வைத்தால் பன்னிரண்டுக்கும் 96. மொத்தம் 224. நாளைக்கு பீமை இரட்டிப்பாக்கினாலும் 352தான். ஆகவே நாலு யூனிவர்ஸ், எட்டு யூனிவர்ஸ் என்று விளம்பரத்தில் இருப்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு எல்ஈடியையும் தனித்தனியாக ஓட்டுகிற பிக்சல் லைற்றுகள் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அவை சனலை விழுங்கிவிடும்.

அப்படியென்றால் 192 கொன்றோலரில் என்ன குறை? சனல் கொஞ்சம் போதாதுதான், ஆனால் உண்மையான குறை அதுவல்ல. அது ஒரு காட்சியைப் பதியும்போது நிறம், திசை, கோபோ (ஒளியில் உருவம் காட்டும் தகடு), வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகப் பதிகிறது. பீம் நாலு திசை, ஆறு நிறம் வேண்டுமென்றால் 24 காட்சி செய்ய வேண்டும். கொன்சோலில் ஒரு திசையை மட்டும் அல்லது ஒரு நிறத்தை மட்டும் தனியாகப் பதிந்து வைக்கலாம், அதைப் பலெட் என்பார்கள். திசைக்கு நாலு பலெட், நிறத்துக்கு ஆறு பலெட், பத்தோடு வேலை முடிந்தது. எந்தத் திசையில் எந்த நிறம் என்பதை ஓடும்போதே விரலால் சேர்த்துக்கொள்வீர்கள்.

இன்னொன்று, 192இல் ஃபேட் நேரம் (ஒரு காட்சியிலிருந்து மற்றதற்கு மாற எடுக்கும் நேரம்) கூட்டினால் பொதுவாக எல்லாச் சனலும் சேர்ந்து மெல்ல நகரும். திசை மெல்ல நகர்வது அழகு. நிறச் சக்கரமும் கூடவே நகர்ந்தால், சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போக நடுவில் இருக்கிற எல்லா நிறத்தையும் சபைக்குக் காட்டிவிட்டுத்தான் போகும். கொன்சோலுக்கு எது மெல்ல நகர வேண்டும், எது சட்டென்று மாற வேண்டும் என்று தெரியும். திசையை இன்னும் சிறு படிகளாக நகர்த்தும் நுண் சனலையும் அது தானே இணைத்துக்கொள்ளும். 540 பாகை சுழலும் ஹெட்டை 256 படியில் மட்டும் ஓட்டினால் ஒரு படி இரண்டு பாகைக்கு மேல், 15 மீற்றர் தள்ளி விழும் ஒளி அரை மீற்றர் துள்ளும். மெதுவான பாட்டில் அந்தத் துள்ளல் கண்ணைக் குத்தும்.

சரி, இனி நிகழ்ச்சி. நம்முடைய கோயில் மேடையில் பாட்டுப் பட்டியல் முன்கூட்டியே கையில் வந்ததை நான் பார்த்ததே குறைவு. வந்தாலும் மூன்றாவது பாட்டோடு அது செல்லாது. சபையிலிருந்து துண்டு வரும், தலைவர் பேச வருவார், பக்திப் பாட்டு முடிந்த கையோடு குத்துப் பாட்டு தொடங்கும். இதற்குக் கியூ பட்டியல் (வரிசையாகப் பதிந்த காட்சிகள்) எழுதி வைத்து "கோ" பட்டனைத் தட்டிக்கொண்டு போக முடியாது. எல்லாமே கையில் இருக்க வேண்டும். நான் ஃபேடர்களைப் பிரிக்கிறது இப்படி: ஒன்றில் முன் பார்கள், பாடுபவரின் முகத்துக்கு. இன்னொன்றில் பின் பார்கள். ஒன்றில் பீம்களின் வெளிச்சம் மட்டும். இரண்டு மூன்று ஃபேடரில் அசைவு, அதாவது மெதுவான அலை, வட்டம், சபைப் பக்கம் வீசுவது. ஒன்றில் வெளிச்ச ஓட்டம், அதன் வேகத்தைத் தாளத்துக்குத் தட்டிக் கொடுக்கிற பட்டனோடு. ஒன்று ஸ்ட்ரோப் (வேகமாக மின்னுவது), அதை ஃபேடராக ஏற்றாமல், அழுத்தியிருக்கும் வரை மட்டும் எரிகிற ஃப்ளாஷ் பட்டனாக மட்டும் வைப்பேன். கடைசி ஃபேடர் பேச்சுக்கு: பீம் எல்லாம் அணைந்து மேடையில் சாதாரண வெள்ளை வெளிச்சம். தலைவர் மைக்கைப் பிடித்ததும் அதைத் தூக்கினால் போதும். பெரிய தொடுதிரை இருந்தும் ஃபேடர் குறைந்த கொன்சோலை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாட்டு ஓடும்போது திரையில் பக்கம் புரட்டத் தொடங்கினால் நீங்கள் தாளத்தைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

பாடசாலைக் கலைவிழாவும் நாட்டிய அரங்கேற்றமும் வேறு கதை. அங்கே ஒத்திகை உண்டு, வரிசை உண்டு, மூன்று செக்கனில் மெல்ல அணைய வேண்டிய இடம் உண்டு. அதற்குக் கியூ பட்டியல்தான் சரி. ஆனால் எந்தக் கொன்சோலிலும் அது இருக்கிறது, ஆகவே தெரிவுக்கு இதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. திறந்த வெளியில் பீம் எங்கே விழுகிறதென்று ஆறரைக்குத்தான் தெரியும். நிகழ்ச்சி ஏழுக்கு. அந்த அரை மணித்தியாலத்துக்குள் மேடைக்கு மேடை மாறுகிற திசைகளைச் சரி செய்ய வேண்டும். பலெட் முறையின் பெரிய லாபம் இங்கேதான். நாலைந்து திசைப் பலெட்டைத் திருத்தினால், அவற்றைப் பயன்படுத்திய எல்லாமே தானாகத் திருந்திவிடும். 192இல் என்றால் ஒவ்வொரு காட்சியாகத் திறந்து திருத்த வேண்டும், அதற்குள் நாதஸ்வரம் முடிந்துவிடும்.

இப்போது பிராண்ட். புதிதாக, அசலாக வாங்க முடிந்தால் நான் பார்ப்பது இரண்டு இங்கிலாந்துத் தயாரிப்புகள். ஒன்று சாம்சிஸ் குவிக்கியூ வரிசை. 10 என்ற மொடலுக்கு ஒரு யூனிவர்ஸ், 20க்கு இரண்டு, 30க்கு நாலு. தொலைபேசி பழகிய பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். மற்றது அவோலைட்ஸ் குவாட்ஸ். விலை கூட, ஆனால் அதன் டைட்டன் மென்பொருள் கைவசம் வந்தால் அதே வரிசையின் பெரிய போர்டிலும் உட்காரலாம். ஜெர்மனியின் எம்ஏ அருமையான சாமான், மறுப்பேயில்லை. ஆனால் அது பெரிய சுற்றுப்பயண நிகழ்ச்சிக்கும் தொலைக்காட்சி மேடைக்கும் யோசித்துச் செய்தது. கற்க நாள் எடுக்கும், உங்கள் இருபது லைற்றுக்கு அதன் பலத்தில் கால்வாசியும் வேலைக்கு வராது. கொழும்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருகிற பாடகரின் ஆட்கள் எம்ஏ கேட்டால் அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். அவர்களே ஓட்டுவார்கள், வாடகையும் அவர்கள் கணக்கில் போகும். படிக்க ஆசையென்றால் எம்ஏ3 ஒன்பிசி இலவசமாக இறக்கலாம். அவர்களுடைய பெட்டி ஒன்றும் இணைக்காமல் லைற்றுக்கு சிக்னல் வெளியே வராது, ஆனால் திரைக்குள்ளேயே முப்பரிமாண மேடை வைத்துப் பழகலாம்.

நகல் போர்டுகள் பற்றி ஆட்கள் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்பார்கள், அதனால் இங்கேயே சொல்கிறேன். அவோலைட்ஸின் பழைய ‘பேர்ள்’ (Pearl) கொன்சோல் தோற்றத்திலும் எம்ஏயின் தோற்றத்திலும் சீனாவிலிருந்து வருகிறவை மலிவு. ஓடும், ஓடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்க முடியாது, பழுதானால் அசல் கம்பனி கையை விரித்துவிடும். புது லைற் வாங்கும்போது அதன் சனல் வரிசைக் கோப்பு அதற்குள் இல்லையென்றால் நீங்களே எழுத வேண்டும். அந்த விலைக்கு லப்டொப் வழி மேல் என்பது என் அபிப்பிராயம்.

லப்டொப் வழியில் லைற்றை ஓட்டுகிற கியூஎல்சி பிளஸ் முற்றாக இலவசம், திறந்த மூல மென்பொருள். ஒன்பது ஃபேடரும் 64 பட்டனும் உள்ள அகாய் ஏபிசி மினி போன்ற பெட்டியை அதோடு இணைத்தால் நான் மேலே சொன்ன பிரிப்பு அப்படியே கைக்கு வரும். லப்டொப்பை லைற்றோடு இணைக்கிற யூஎஸ்பி டிஎம்எக்ஸ் வயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான வகையில் சிக்னலின் நேரக் கணக்கை லப்டொப்பே பார்க்கிறது, அது கொஞ்சம் திணறினால் மேடை துடிக்கும். என்டெக் யூஎஸ்பி புரோ போன்றதில் அந்த வேலையை உள்ளிருக்கும் சிப் பார்க்கிறது. அப்புறம், விண்டோஸ் புதுப்பிப்பு, தூக்கம், வைஃபை மூன்றையும் நிகழ்ச்சிக்கு முதலே நிறுத்திவிடுங்கள். கல்யாண வீட்டில் கேக் வெட்டும் நேரம் பார்த்து அது மீளத் தொடங்கும்!

கரண்ட் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் கொன்சோல் பற்றிப் பேச முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். குரங்கு தேவையில்லை, ஜெனறேற்றர் மாறுகிற இரண்டு செக்கன் போதும். லைற் திரும்ப எரிந்துவிடும், கொன்சோல் முழுதாகத் தொடங்கி வர நிமிடக் கணக்காகும். ஒரு சின்ன யூபிஎஸ் கொன்சோலுக்கு மட்டும் வையுங்கள், லைற்றை அதில் மாட்டாதீர்கள். லப்டொப்புக்குச் சொந்த பற்றரி இருப்பது இங்கே பெரிய வரம். லைற்றின் மெனுவில் சிக்னல் போனால் என்ன செய்வது என்று ஓர் இடம் இருக்கும். முன் பார்களுக்கு அதைக் கடைசி வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும்படி மாற்றுங்கள், வயர் கழன்றாலும் மேடை இருளாது.

பழைய 192ஐ விற்காதீர்கள். அட்ரஸை, அதாவது ஒவ்வொரு லைற்றும் எந்தச் சனலில் தொடங்குகிறது என்பதை, கொஞ்சம் யோசித்துப் போட்டால் அதுவே உங்கள் உதிரி. பீம்களை 1, 17, 33 என்று பதினாறு பதினாறாக 113 வரை வையுங்கள், அந்தக் கொன்றோலரின் முதல் எட்டு பட்டனும் அப்படியே பொருந்தும். முன் பார்கள் எட்டை 129, 137, 145 என்று எட்டு எட்டாக 185 வரை போடுங்கள். ஒரு பட்டனுக்கு இரண்டு பார், கொன்றோலர் ஃபேடர்களின் ஏ பக்கத்தில் ஒன்று, பி பக்கத்தில் மற்றது. இதோடு சரியாக 192 முடிகிறது. மிச்சம் நாலு பாரும் 193இலிருந்து. கொன்சோல் நின்றால் வயரை மாற்றிக் குத்துங்கள், பின்னால் நாலு பார் மட்டும்தான் இராது. அவசரத்துக்கு ஐந்தாறு காட்சியை அதில் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது.

பாவித்த கொன்சோல் வாங்குவதானால் கடல்காற்றை நினைத்துக்கொண்டு பாருங்கள். நிலாவெளி மணலில் இரண்டு சீசன் நின்ற போர்டின் ஃபேடர் வெளியே மினுங்கும், உள்ளே உப்புப் பிடித்திருக்கும். ஒவ்வொரு ஃபேடரையும் மிக மெதுவாகத் தூக்கித் திரையில் எண்ணைக் கவனியுங்கள், இடையில் துள்ளினால் தேய்ந்துவிட்டது. எல்லா டிஎம்எக்ஸ் வாயிலும் ஒரு லைற்றை மாட்டிப் பாருங்கள், ஒன்றில் வேலை செய்தால் போதும் என்று விடாதீர்கள். யூஎஸ்பியில் ஒரு ஷோவைப் பதிந்து, அணைத்து, திரும்ப ஏற்றுங்கள். தொடுதிரையின் நாலு மூலையையும் ஈரவிரலால் தொட்டுப் பாருங்கள், ஆவணி மாதத்து வியர்வையில் அப்படித்தான் தொடப் போகிறீர்கள். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள், மழை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட விடுங்கள்.

முற்பணம் கொடுக்குமுன், உங்கள் பீம், பார் இரண்டினதும் கையேட்டிலுள்ள சனல் அட்டவணையைப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பி, அந்த லைற்றுகள் கொன்சோலின் நூலகத்தில் உண்டா என்று கேளுங்கள். ஒரே தோற்றத்தில் வெவ்வேறு முறை வாங்கிய பீம்களில் சனல் வரிசை மாறியிருப்பது சாதாரணம், ஆகவே எட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அட்டவணையைக் கீழே கருத்தில் போட்டால் கியூஎல்சிக்கான கோப்பை நான் எழுதித் தருகிறேன், அது பெரிய வேலையில்லை.