விஎஃப்பா, யூஎன்சியா? குத்திக்காசுத் தரம் பற்றிக் கேட்டவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு பழைய காசுகளோடு கூடுவோம். போன முறை தேநீர் ஆறிப்போகும் வரை ஒரே சண்டை: ஒருவர் கொண்டுவந்த 1957 ஐந்து ரூபா வெள்ளிக் காசு யூஎன்சியா, அதாவது புழக்கத்துக்கே போகாததா, இல்லையா? முப்பது வருடமாக இந்தப் பைத்தியம் பிடித்தவன் நான் என்பதால், எல்லோரும் கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி என் கையில் திணித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: அண்ணா, விஎஃப், எக்ஸ்எஃப், எம்எஸ் 63 என்றெல்லாம் எழுதுகிறார்களே, இந்த இலக்கங்களை யார் வைத்தது? ஏன் 70 இல் நிற்கிறது, 100 இல்லையா?

வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். அந்த நாட்டின் பழைய பெரிய செப்புச் சதங்களில் பித்துப் பிடித்தவர். அவற்றுக்காகத்தான் 1949 இல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். அதில் வேடிக்கை என்னவென்றால், அது முதலில் விலைக் கணக்கு. இன்ன காசு என்று மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த சதம் 1 டொலர் பெறும் என்றால், அதே சதம் குறையே இல்லாமல் கிடைத்தால் 70 டொலர். அந்தக் கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. சந்தை அதைத் தாண்டிப் போய்விட்டது, இலக்கங்கள் மட்டும் தங்கிவிட்டன.

சுருக்கமாக: 20 முதல் 35 வரை விஎஃப். புழங்கியது, ஆனால் முக்கியமான கோடுகள் எல்லாம் தெளிவு. 40, 45 எக்ஸ்எஃப். மேடான இடங்களில் மட்டும் தேய்மானம். 50 முதல் 58 வரை ஏயூ. தேய்மானத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 60 இலிருந்து 70 வரை எம்எஸ். தேய்மானமே இல்லை, ஆனால் சாக்குப்பையில் மற்றக் காசுகளோடு இடிபட்ட காயங்கள் இருக்கலாம். நாங்கள் யூஎன்சி என்பது இந்தக் கடைசி வகையைத்தான். இன்னொன்று, காயம் நிறைந்த எம்எஸ் 60 ஐ விட நல்ல ஏயூ 58 பார்க்க அழகாக இருக்கும். நான் ஏயூ 58 பக்கம்.

ஷெல்டன் பற்றி ஒரு பின்கதை. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல சதங்களை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த தரம் குறைந்தவற்றை அங்கே மாற்றி வைத்திருந்தார் என்று அவர் இறந்த பின்னர் தெரியவந்தது. வழக்கும் நடந்தது. தரத்துக்கு அளவுகோல் போட்டவரே செய்த வேலை.

தெகிவளை அன்பர்: சண்டைக்குக் காரணமான அந்த ஐந்து ரூபா என்னுடையதுதான். யூஎன்சி என்று சொல்லித் தந்தார்கள். நீங்கள் ஏயூ என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். வீட்டில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒற்றை மின்குமிழின் கீழ் போங்கள். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சிலிருந்து வந்தபடியே இருக்கிற காசில் ஒளிக்கீற்று ஒன்று சைக்கிள் சக்கரத்துக் கம்பிபோல மையத்திலிருந்து விளிம்பு வரை அறாமல் சுழலும். உங்கள் காசில் அது சமதளமான இடத்தில் நன்றாக ஓடுகிறது. மேடான இடத்துக்கு வந்ததும் அறுந்துவிடுகிறது. அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்தமாதிரி மங்கல். யாரோ கொஞ்சக் காலம் சட்டைப்பையில் வைத்துத் திரிந்திருக்கிறார்.

“அச்சு சரியாக விழவில்லை, அதுதான் மொட்டையாக இருக்கிறது” என்று விற்றவர் சொல்லக்கூடும். சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அச்சுப் பலவீனம் என்றால் கோடு தெளிவாக இருக்காதே தவிர, மேற்பரப்பின் பளபளப்பு அங்கேயும் இருக்கும். நிறம் மாறாது. தேய்மானம் என்றால் நிறம் மாறும். இந்த ஒன்றைப் பழகிவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

ஆனால் பெரிதாகக் கவலைப்படவும் வேண்டாம். உங்கள் காசு 28.28 கிராம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. உள்ளே 26 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி இருக்கிறது. நகைக்கடைகள் உள்ள செட்டியார் தெருவில் கொடுத்தால் ஏயூவும் ஒன்று, மொட்டைக் காசும் ஒன்று. அங்கே தராசுதான் பேசும். தரம் என்பது அந்த வெள்ளி விலைக்கு மேலே நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கான பதில் மட்டுமே. அதனால் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று சொல்லாமல் ஏமாந்தீர்களா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

வத்தளைத் தங்கச்சி: அப்பப்பாவின் லாச்சியில் 1870 ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணி ஐந்து சதம் ஒன்று இருந்தது. ஒரே கறுப்பு. பழப்புளி போட்டுத் தேய்த்தேன், தங்கம்போல வந்துவிட்டது! இனி இது என்ன தரம்?

ஐயோ தங்கச்சி.

சரி, முதலில் என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். பதினாறு வயதில் அதே 1870 செட்டில் ஒரு சதம் எனக்குக் கிடைத்தது. நடுவில் பனைமரம், ஓலைக் கோடுகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய மாதிரி. அம்மா குத்துவிளக்குக்கு வைத்திருந்த சாம்பலும் புளியும் எடுத்துத் தென்னந்தும்பால் தேய்த்தேன். ரோசாப்பூ நிறத்தில் மின்னியது. மகிழ்ச்சியில் பக்கத்து வீட்டுக்காரருக்கெல்லாம் காட்டினேன். பிறகு பல வருடம் கழித்துப் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி அந்தக் காசைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ராணியின் கன்னம் முழுக்க ஒரே திசையில் ஓடும் மயிர்க்கோடுகள். வயல் உழுத மாதிரி.

செம்பின் மேல் இருக்கும் அந்த கறுப்பும் மண்ணிறமும் அழுக்கு இல்லை. நூறு நூற்றைம்பது வருடம் காற்றோடு சேர்ந்து உண்டான தோல். புளியின் அமிலம் அதை உரித்துவிடும். தேய்ப்பது அடியில் இருக்கும் உலோகத்தையும் கீறும். இந்தத் தோலுக்கென்றே செம்புக்குத் தனி எழுத்துகள் உண்டு: பிஎன் என்றால் மண்ணிறம், ஆர்டி என்றால் அச்சிட்ட நாளின் சிவப்பு, ஆர்பி இரண்டும் கலந்தது. இயற்கையான ஆர்டி மிகக் கூடிய விலை போகும். புளி தரும் சிவப்பை ஆர்டி என்று யாரும் எடுக்கமாட்டார்கள். அது வேறு சிவப்பு, உயிரில்லாத ஒரு ரோசா நிறம்.

தரம் என்று கேட்டால், வெளிநாட்டுத் தரநிறுவனங்கள் இப்படியான காசுக்கு இலக்கமே போடமாட்டார்கள். “எக்ஸ்எஃப் டீடெய்ல்ஸ், துலக்கியது” என்று எழுதிவிடுவார்கள். கோடுகள் எக்ஸ்எஃப், ஆனால் காசு கெட்டது என்று பொருள். விலை சாதாரண எக்ஸ்எஃப்பை விட நன்றாக இறங்கும். இனி ஒன்றும் செய்யாதீர்கள். திரும்பவும் கறுப்பாக்க எண்ணெய், முட்டை என்று யாராவது வழி சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்பப்பாவின் காசு, வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி, இருவர் கேட்டது: பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிறுவனங்களுக்கு அனுப்பித் தரம் வாங்கினால் விலை ஏறுமா?

சில காசுக்கு ஏறும். பெரும்பாலானவற்றுக்குச் செலவுதான் ஏறும். கட்டணம், போக வரத் தபால், காப்புறுதி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் 1963 அலுமினிய ஒரு சதம் பளபளவென்று இருக்கிறது, அனுப்பட்டா என்று கேட்டிருக்கிறார். தபால் முத்திரையே காசை விட விலை. அந்த வகைக் காசில் பணம் பார்ப்பது, உலகத்திலேயே மிக உயர்ந்த தரம் என்று வந்தால் மட்டும். அந்த நிறுவனங்கள் எந்தக் காசில் எந்தத் தரம் எத்தனை என்று பட்டியல் வெளியிடுகின்றன. அதில் உச்சியில் நிற்கும் ஒன்றிரண்டு காசுக்குப் பைத்தியக்கார விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு இன்னும் நாலு பேர் அதே தரத்தில் அனுப்பிவிட்டால் அந்த விலை தளர்ந்துவிடும்.

அனுப்பத் தகுந்தது எது? போலி அதிகம் திரிகிற, வெளிநாட்டு ஏலத்தில் விற்க நினைக்கிற, உங்களுக்கே சந்தேகம் இல்லாத நல்ல வெள்ளிக் காசு.

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருள். நாட்டைவிட்டு அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தரம் போட்டுத் திரும்பி வரத்தானே போகிறது என்ற சாட்டுப் போகாது. விஓசி என்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் துட்டு, 1803 யானைக் காசு எல்லாம் இதில் அடங்கும். 1815 என்று பொறித்த, யானைச் சின்னமுள்ள ஸ்டைவர் காசு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருநாள் மதியச் சாப்பாடு வரை விவாதம் நடந்தது. சந்தேகம் என்றால் கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது.

கிருலப்பனை அன்பர்: தரநிறுவனங்கள் மூடித் தரும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் தரச் சீட்டோடு வரும் காசைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். கூடே போலியாக வருகிறது. சீட்டில் உள்ள இலக்கத்தை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பல காசுக்குப் படமும் வரும். இலக்கம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் போலி செய்பவர் உண்மையான இலக்கத்தைத்தான் களவெடுப்பார். படத்தில் உள்ள கீறல், கறை கையிலுள்ள காசிலும் அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள்.

உண்மையான கூடு என்றாலும் உள்ளே இருப்பது இரண்டு மூன்று பேர் சில விநாடி பார்த்துச் சொன்ன அபிப்பிராயம். பிசிஜிஎஸ் 1985 இலும் என்ஜிசி 1987 இலும் வந்தபோது சந்தையில் பெரிய நம்பிக்கை உண்டானது உண்மைதான். அதுவரை விற்பவர் சொன்னதுதான் தரம். ஆனால் 63 வந்த காசைக் கூட்டிலிருந்து உடைத்தெடுத்துத் திரும்ப அனுப்பி 64 வாங்குவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். காசு மாறவில்லை, சீட்டு மாறிவிட்டது, விலையும் மாறிவிட்டது! 1990 இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, தரப்படுத்தல் முழுக்கப் புறநிலையானது, வாங்குபவருக்கு ஆபத்தே இல்லை என்ற மாதிரி விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுத்ததும் இதனால்தான்.

மட்டக்குளி அம்மா: என் மாமியார் தந்த காசுமாலையில் பதினொரு விக்டோரியா ரூபாக்கள். ஒன்றைக் கழற்றி விற்கலாமா?

அம்மா, விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் மாலையாகவே வைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. இங்கே அந்தக் காலத்தில் இந்திய வெள்ளி ரூபாதான் புழங்கியது, அதனால்தான் பழைய வீடுகளில் இவை இருக்கின்றன. ஒவ்வொன்றும் புதிதாக 11.66 கிராம், நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 வெள்ளி. வளையம் ஒட்டிய ஈயமோ வெள்ளிப் பற்றோ ராணியின் தலைக்கு மேலே விளிம்பில் தழும்பாக நிற்கும். அதை அராவி எடுத்தாலும் சேகரிப்பவர் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். தனிக் காசாக அது வெள்ளி விலைதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பொரளையில் படிக்கும் மாணவர்: யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசுக்கும் எம்எஸ் 63 மாதிரித் தரம் உண்டா சேர்?

அது கையால் அடித்த காசு. அச்சு ஒருபக்கம் சரிந்திருக்கும், தகடு அச்சைவிடச் சிறிதாக இருக்கும். தேய்மானத்தை மட்டும் பார்த்து இலக்கம் போட்டால் அநியாயம். என்ஜிசியே பழங்காசுக்குத் தேய்மானத் தரத்தோடு அச்சுக்கு ஐந்தில் இத்தனை, மேற்பரப்புக்கு ஐந்தில் இத்தனை என்று தனித்தனியாகப் போடுகிறது. நான் பார்ப்பது ஒன்றுதான்: காளையின் கீழே “சேது” என்ற இரண்டு எழுத்தும் தகட்டுக்குள் முழுதாக விழுந்திருக்கிறதா. விழுந்திருந்தால் கொஞ்சம் தேய்ந்தாலும் எடுப்பேன். சதாம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்ப் பழங்காசுகளைப் பாருங்கள், கண் பழகும்.

வெள்ளவத்தை அன்பர்: பழைய நாணயத்தாளை அயர்ன் பண்ணினால் தரம் கூடுமா?

குறையும். மடிப்பு மறையலாம், அச்சின் மேடும் தாளின் உயிரும் போய்விடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மடிப்பும் தெரிந்துவிடும்.

பெயர் எழுதாதவர்: ஒரே வியாபாரி என்னிடம் வாங்கும்போது விஎஃப் என்றார். இரண்டு மாதத்தில் அதே காசை எக்ஸ்எஃப் என்று விற்கிறார். இதுதான் தொழிலா?

பலருக்கு அதுதான் தொழில். எனக்கும் நடந்தது. கடையைச் சொல்லமாட்டேன். 1892 வெள்ளி ஐம்பது சதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருத்தப்பட்டு, மூன்று மாதம் கழித்துப் போய்த் திரும்ப வாங்கினேன். அதற்குள் காசு ஒரு தரம் வளர்ந்திருந்தது.

அன்றிலிருந்து புதிதாக யாரிடம் வாங்கினாலும் காசு கையில் இருக்கும்போதே ஒன்று கேட்பேன்: “அடுத்த வருடம் இதையே கொண்டுவந்தால் இதே தரத்துக்கு எடுப்பீர்களா?” விலையைக் கேட்கவில்லை. விலை ஏறும் இறங்கும், அவரும் லாபம் பார்க்க வேண்டும். தரத்தை மட்டும். சிலர் சிரித்து மழுப்புவார்கள். புறக்கோட்டையில் ஒரு வயதானவர் மட்டும் காசை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுத் திரும்பப் பார்த்து, “எக்ஸ்எஃப் என்று சொல்லிவிட்டேன், விஎஃப் 35 என்று எழுதுகிறேன்” என்று உறையில் வெட்டி எழுதி, விலையையும் குறைத்தார். அவரிடம்தான் இப்போதும் போகிறேன்.

தெகிவளை, மீண்டும்: கடற்கரைப் பக்கம் வீடு. அல்பத்தில் வைத்த காசில் பச்சையாக ஒட்டும் பசை வருகிறது.

மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து வருவதுதான் அந்தப் பசை. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் கழன்றுவிடும், தேய்க்கக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். பிறகு பிவிசி இல்லாத மைலார் உறைக்கு மாற்றி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பச்சை பசையாக இல்லாமல் தூளாக உதிர்ந்தால் அது வேறு நோய். உப்பு செம்புக்குள் இறங்கிவிட்டது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து இன்றைக்கே பிரித்து வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள். அந்த ஐந்து ரூபாவையும்.