மண்மேட்டை ஒட்டி ஓர் அறை: பிளானுக்கு எவ்வளவு?

கேள்வி: பண்டாரவளைக்குக் கிட்ட 10 பேர்ச்சஸ் காணியில் எங்கள் வீடு. பின்பக்கம் 12க்கு 14 அடியில் ஓர் அறையும் சின்னக் குளியலறையும் இழுக்கப் போகிறோம். பிளான் கீற ஒருவர் 25,000 ரூபா கேட்கிறார், இன்னொருவர் 65,000. வீடு கட்டும் மேசன் பாஸோ, "ஒரு ரூமுக்கு எதுக்குப் பிளான், நான் இருக்கேன்தானே" என்கிறார். என்ன செய்வது?

பதில்: பாஸிடம் சுவரைக் கொடுங்கள், பிளானை வேண்டாம். பிரதேச சபை அனுமதி இல்லாமல் எழுப்பிய அறை, வங்கிக் கடனுக்குப் போகும் நாளில் முன்னால் வந்து நிற்கும்.

மற்ற இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்தக் காசுக்குள் என்னென்ன?" வீட்டுக்கு வந்து அளப்பாரா? மலக்குழியும் கானும் படத்தில் வருமா? சபை திருப்பி அனுப்பினால் திருத்தம் இலவசமா? அவருடைய கையெழுத்தைச் சபை ஏற்குமா என்பதைச் சபையிலேயே விசாரியுங்கள். சபைக் கட்டணம் எப்படியும் தனி.

எங்கள் பக்கத்து வீட்டார் மலிவாகக் கீறிய படம் ஒன்றைக் காட்டினார். வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோலக் கீறும் வெட்டுமுகத்தில் தரை, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே சமம். உண்மையில் பின்சுவருக்கு ஒரு முழம் தள்ளி எட்டடி மண்மேடு. மூலையில் வேறோர் ஊரின் பெயர் அழிக்கப்படாமல் கிடந்தது. கீறியவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. படம் திரும்பி வந்தது, மறுபடியும் காசு.

நீங்கள் இரண்டு தரம் கொடுக்காமல் இருக்க ஒரு வழி: பிளானுக்கு முதல் சபைக்குப் போங்கள். பண்டாரவளை இருக்கும் பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயப் பிரதேசம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டுமா என்று கேளுங்கள். 2014 ஒக்டோபரில் இதே மாவட்டத்து மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைப் பார்த்த நாம் அதை வெறும் கடதாசி வேலை என்று சொல்ல முடியாது. மேட்டை வெட்டாதே, தாங்கு சுவர் கட்டு, தண்ணீரை இப்படித் திருப்பு என்று அறிக்கை சொன்னால் அறையின் அளவே மாறலாம். அப்புறம் கீறினால் ஒரு தரத்தோடு முடியும்.

காசை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். படம் கைக்கு வந்ததும் பாதி, அனுமதி கிடைத்ததும் மீதி. அந்த 25,000 ரூபாக்காரர் நாடாவோடு வந்து மண்மேட்டின் உயரத்தையும் அளந்தால், தாராளமாக அவரிடமே கொடுங்கள்.