வாய்க்கால் வெட்டும் நாள் எது என்று கேட்டு வையுங்கள்

அன்புள்ள தம்பி,

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் மலையோரக் கிராமம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியும் நான்கு வயது மகளும் உடன் வருகிறார்கள், ஊர்க்காரர்கள் எங்களைச் சேர்த்துக்கொள்வார்களா, இல்லை டோக்கியோவில் நம் நாட்டவர் நிறைந்த நிஷிகசாய் பக்கமே வேறு வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மாநிலத்தின் டோகாமாச்சியில் 17 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் ஆண்டில் நான் செய்த தவற்றைக் கேளுங்கள். ஏப்ரல் கடைசியில் 'கைரான்பான்' வீட்டுக்கு வந்தது. ஊர் அறிவிப்புகளைச் செருகிய அட்டை அது. படித்து, முத்திரை வைத்து, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'எஸராய்' என்று குறித்திருந்தது. பனி உருகிய பின், நடவுக்கு முன், ஊரே இறங்கி வாய்க்காலைத் தூர்வாருகிற நாள். வர இயலாத வீடு ஒரு தொகை கட்ட வேண்டும். எனக்குத்தான் வயல் இல்லையே என்று பணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. எதிரில் பார்த்தால் எப்போதும்போலத் தலை வணங்கினார்கள். ஆனால் அந்த ஆண்டு முழுக்க அதற்கு மேல் ஒரு பேச்சும் வளரவில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போன குடிமராமத்துக் கதைகளைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அதே வேலை கண்முன் நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியாமல் போனதே என்று இன்றும் வருந்துகிறேன்.

மறு ஆண்டு போய் நின்றேன். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். சேற்றை எப்படி வாரிக் கரையில் அணைப்பது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசாமல் செய்து காட்டினார். இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது, உங்கள் ஊரில் என்ன நெல், எத்தனை போகம் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஜப்பானிய மொழி அப்போது எனக்கு அரைகுறைதான். மறுநாள் காலை வாசலில் ஒரு கட்டு காட்டுக்கீரை இருந்தது. யார் வைத்தது என்று சீட்டுகூட இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஆண்டும் நான் வாய்க்காலுக்குப் போகாமல் இருந்ததில்லை.

குளிர்காலத்தை எளிதாக எண்ணாதீர்கள். இங்கே பனி ஆள் உயரத்தைத் தாண்டும். அதனால்தான் பல வீடுகள் உயரமான கான்கிரீட் அடித்தளத்தின் மேல் நிற்கின்றன. பனிக்காலத்துக்கு முன்பே ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். சாலை நடுவே பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும். கூரைப் பனியைத் தள்ள ஒருபோதும் தனியாக ஏறாதீர்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அப்படி விழுந்து இறப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் முதியவர்கள் அதிகம். உங்கள் வாசலைத் தள்ளும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள்.

உங்கள் மனைவியை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நீங்கள் காலையில் கிளம்பிவிடுவீர்கள். கடை, மருத்துவமனை எல்லாமே காரில் போகிற தூரம். ஆகவே அவரும் ஓட்டுநர் உரிமம் பெற வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். இந்தியாவில் வாங்கிய பன்னாட்டு உரிமம் இங்கே ஓராண்டுக்கு மேல் செல்லாது. அதன் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. இதை என் மனைவிக்கு மூன்று ஆண்டுகள் தாமதமாகத்தான் செய்து கொடுத்தேன். அந்த மூன்று ஆண்டுகளை அவள் எப்படிக் கழித்தாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

வாடகை குறைவு. 2023 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. ஆனால் கூரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குப்பையை வகை பிரிப்பதை முதல் வாரத்திலேயே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் பையின் மேல் பெயர் எழுத வேண்டும்.

முகம் தெரியாதவர்கள் என்னை இன்னும் 'வெளிநாட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். அது மாறும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஜனவரி 15 அன்று எங்கள் பகுதியிலுள்ள மாட்சுனோயாமாவுக்கு உங்கள் மகளைக் கூட்டி வாருங்கள். புத்தாண்டு அலங்காரங்களைப் போகிபோல எரித்து, அந்தச் சாம்பலைப் பனியில் குழைத்து, வாழ்த்துச் சொல்லியபடி எதிர்ப்படுகிறவர் முகத்திலெல்லாம் பூசுவார்கள். அங்கே உள்ளூர், வெளியூர் என்று பார்ப்பதில்லை. பொங்கலை ஒட்டி வரும் நாள் என்பதால் அன்று எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறோம். அரிசி அவர்கள் வயலில் விளைந்த கோஷிஹிகாரி.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று எழுதவில்லையே. ஏப்ரல் என்றால், வீட்டுச் சாவி வாங்கும் அன்றே எஸராய் என்றைக்கு என்று கேட்டு வையுங்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.