கப்பலில் போன முன்னோர்: வாசகர் கேள்வி பதில்

கடற்படையிலும் கப்பல் வேலையிலும் இருந்த தாத்தா, கொள்ளுத்தாத்தாக்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொண்டேன். பழைய சர்வீஸ் ரெக்கார்டுகளை ஸ்கேன் செய்து ஆன்லைனில் போட்டதிலிருந்து இப்படிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

என் பாட்டியின் அப்பா இங்கிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் கரி போடும் ஸ்டோக்கராக இருந்துவிட்டு, பிறகு மதராஸ் வந்து ரயில்வேயில் சேர்ந்தாராம். அவர் பெயரும் ஒரு மெடலும்தான் எங்களிடம் இருக்கின்றன. தேடினால் அதே பெயரில் எக்கச்சக்கமான பேர் வருகிறார்கள். இவரை எப்படிப் பிரித்து எடுப்பது?
வாசகி, பெரம்பூர்

அந்த மெடலைக் கையில் எடுங்கள் அம்மா, ஆனால் பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். ராஜா தலையை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போருக்குக் கொடுத்த வெள்ளி மெடலின் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் அவருடைய நம்பர், பெயர், பதவி, கடைசியில் ராயல் நேவி என்பதற்கான ஆர்.என். எல்லாம் குத்தியிருக்கும். நீங்கள் தேட வேண்டியது அந்த நம்பரை. ஒரே பெயரில் நூறு பேர் இருந்தாலும் நம்பர் ஒருவருக்குத்தான். 1908-க்குப் பிறகு சேர்ந்தவராக இருந்தால் நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்தும் இருக்கும்: ஜே என்றால் மேல்தளத்து மாலுமி, கே என்றால் ஸ்டோக்கர், எல் என்றால் அதிகாரிகளின் சமையல்காரர் அல்லது பரிமாறுபவர், எம் என்றால் தச்சர், கொல்லர் மாதிரி தொழில் தெரிந்தவர்கள். உங்கள் மெடலில் கே இருந்தால் வீட்டில் சொன்ன கதை சரிதான் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துக்குப் போய், ஏ.டி.எம். 188 (ADM 188, ஏ.டி.எம். என்பது கடற்படை ஆவணங்களுக்கான குறியீடு) என்ற தொகுதியில் அந்த நம்பரைப் போட்டுத் தேடுங்கள். 1853 முதல் 1923 வரை படையில் சேர்ந்த சாதாரண மாலுமிகளின் பதிவேடு அதுதான். தேடுவதற்குக் காசு கிடையாது. பட்டியலில் பிறந்த தேதியும் ஊரும் வரும், அதைப் பாட்டி வீட்டுக் காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பக்கத்தை டவுன்லோடு செய்யுங்கள். தேதி ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாக இருந்தால் உடனே வேறு ஆள் என்று தள்ளிவிட வேண்டாம், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் நிறைய உண்டு. அதிகாரியாக இருந்தவர்களுக்கு ஏ.டி.எம். 196 என்று தனித் தொகுதி. 1920-களில் இந்தப் பெரிய நோட்டுகளை விட்டுவிட்டு அட்டைக்கு மாறினார்கள், ஆகவே உங்கள் ஆளின் பக்கம் பாதியிலேயே நின்றுபோனால் 362, 363 ஆகிய தொகுதிகளைப் பாருங்கள்.

பக்கம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் கப்பல் பெயர்களை மட்டும் மேய்ந்துவிட்டு மூடிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம். இந்த ஸ்டோக்கர்கள் டைரி எழுதியவர்கள் இல்லை, போட்டோகூட அபூர்வம். அவரைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரே ஒரு பக்கமாக இருக்கலாம், அதனால் இடது ஓரத்தில் ஆரம்பித்துக் கட்டம் கட்டமாகப் படியுங்கள். மேலே ஊர், பிறந்த தேதி, படைக்கு வருமுன் செய்த தொழில். அதற்குப் பக்கத்தில் உயரம், முடி நிறம், கண் நிறம், மேனி நிறம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம். பையனாகச் சேர்ந்தவர் என்றால் சேர்ந்தபோது ஒரு தடவையும், பெரியவர் கணக்கில் வந்தபோது இன்னொரு தடவையும் எழுதியிருப்பார்கள், நடுவில் எத்தனை அங்குலம் வளர்ந்தார் என்றுகூடப் பார்க்கலாம். இடது முன்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கிறது என்று யாரோ ஒரு குமாஸ்தா நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்ததைப் படிக்கும்போது அந்த மனிதர் எதிரே வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

கீழே வரிசையாகக் கப்பல்கள். இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விக்டரி, பெம்புரோக், விவிட் என்ற பெயர்கள் வந்தால் அவர் கடலில் இருந்தார் என்று அர்த்தமில்லை. விக்டரி என்று எழுதியிருந்தால் போர்ட்ஸ்மத் கரையில் இருந்த முகாம், பெம்புரோக் என்றால் சாத்தம், விவிட் என்றால் டெவன்போர்ட். பயிற்சியிலோ அடுத்த கப்பலுக்காகக் காத்துக்கொண்டோ இருந்த காலத்தை இந்தப் பெயர்களில்தான் கணக்கு வைத்தார்கள். தளபதி நெல்சன் காலத்து விக்டரி போர்க்கப்பலில் எங்கள் தாத்தா போனார் என்று குடும்பத்தில் பேச்சு இருந்தால், அது அநேகமாக இங்கேயிருந்துதான் கிளம்பியிருக்கும். இன்னொன்று, டார்ப்பிடோ படகு மாதிரி சின்னக் கலங்களில் இருந்தவர்களைத் தாய்க்கப்பலின் பெயரிலேயே எழுதிவிட்டு, உண்மையில் இருந்த கலத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் பொடியாகப் போடுவார்கள். அதைத் தவறவிட்டால் ஆள் எங்கே இருந்தார் என்பதே மாறிவிடும்.

வலது பக்கம் நடத்தையும் திறமையும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-ஆம் தேதி மேலதிகாரி மார்க் போடுவார். வி.ஜி. என்றால் மிக நன்று, அதிகம் பார்ப்பது இதைத்தான். திடீரென்று ஒரு வருடம் அது இறங்கியிருந்தால், அதே காலத்தில் கப்பல் சிறையில் எத்தனை நாள் இருந்தார் என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மறைக்காதீர்கள், பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கரி அறையின் சூட்டில் நாள் முழுக்க நின்ற இளைஞர் துறைமுகத்தில் இறங்கி ஏதோ செய்துவிட்டார் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசிக் கட்டத்தில் வேலையை விட்ட காரணம் இருக்கும். ஷோர் என்றால் காலம் முடிந்து கரைக்குப் போனவர், ரன் என்றால் ஓடிப்போனவர், டி.டி. என்றால் பணியில் இருக்கும்போதே இறந்தவர்.

கப்பல் பெயரும் தேதியும் உறுதியானதும் அந்தக் கப்பலின் லாக் புத்தகத்துக்கு, அதாவது அன்றாடக் குறிப்பேட்டுக்குப் போங்கள், ஏ.டி.எம். 53 தொகுதி. முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல்கள் பலவற்றின் லாக்குகளை 2010-இல் தொடங்கிய ஓல்டு வெதர் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து டைப் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பழைய வானிலைக் கணக்குக்காகச் செய்த வேலை அது, ஆனால் கரி ஏற்றிய நாள், நோயாளிகள் எண்ணிக்கை, எந்தத் துறைமுகம் எல்லாமே கூடவே வந்துவிட்டன. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அதில் இருக்காது, அவர் அன்றைக்கு எந்தக் கடலில் இருந்தார் என்பது இருக்கும்.

என் தாத்தா ராயல் இந்தியன் நேவியில் இருந்தவர். 1946 கடற்படைக் கலகத்தில் தல்வார் கப்பலில் இருந்தார் என்று அப்பா சொல்வார். பிரிட்டிஷ் காப்பகத்தில் தேடிப் பார்த்தேன், பெயரே இல்லை.
வாசகர், தூத்துக்குடி

அங்கே இருக்காது ஐயா, தாத்தா சொன்னது பொய்யோ என்று நினைத்துவிடாதீர்கள். ராயல் இந்தியன் நேவி பிரிட்டிஷ் கடற்படையின் ஒரு பிரிவு இல்லை, தனிப் படை. 1934-இல்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. மேலே சொன்ன பதிவேட்டில் அதன் மாலுமிகளைத் தேடுவது வீண். தல்வாரும் மிதக்கும் கப்பல் இல்லை, பம்பாய்க் கரையில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது அங்கேதான். அதனால் தாத்தா தந்தி அல்லது வயர்லெஸ் பிரிவில் இருந்தாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. சென்னையில் இருந்த அடையாறு என்ற கரைத்தளத்திலும் மாலுமிகள் போராட்டத்தில் இறங்கினார்கள், எனவே ஊர்ப் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாலுமிகளின் பணிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது மும்பை மான்கூர்டில் இருக்கும் கடற்படையின் மாலுமிகள் பணியகம். வீட்டிலிருந்து பெயர் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வசதி அங்கே இல்லை, வாரிசு என்ற முறையில் கடிதம்தான் எழுத வேண்டும். தாத்தாவின் சர்வீஸ் நம்பர், சேர்ந்த வருடம், இறப்புச் சான்றிதழ் நகல், உங்களுக்கு அவர் என்ன உறவு என்பதைக் காட்டும் காகிதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நம்பர் தெரியவில்லையா? பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பழைய மணியார்டர் துண்டு எதிலாவது இருக்கும், பாட்டியின் டிரங்குப் பெட்டியை அடிவரை பார்க்காமல் எழுதாதீர்கள். கடற்படைக் கலகத்தில் கலந்துகொண்டவர்களைத் தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது, தாத்தா அதற்கு மனு போட்டிருந்தால் அந்த மனுவிலேயே அவர் கதை முழுக்க இருக்க வாய்ப்பு உண்டு. டெல்லியில் இருக்கும் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தையும் பாருங்கள். கலகம் பற்றிய அரசு ஃபைல்களைப் படையின் பெயரையும் 1946-ஐயும் போட்டுத் தேடலாம்.

எங்கள் பாட்டனாரின் தகப்பனார் வெள்ளைக்காரர் கம்பெனிக் கப்பலில் லஸ்கராக, அதாவது இந்திய மாலுமியாகப் போய்த் திரும்பி வரவில்லை. முதல் உலகப் போர்க் காலம். அவருக்கும் ரெக்கார்டு இருக்குமா?
வாசகர், நாகூர்

சரக்குக் கப்பலில் போனவர் என்றால் கடற்படைப் பதிவேட்டில் வரமாட்டார். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு 1857-க்குப் பிறகு 1913 வரை மையப் பதிவேடே கிடையாது, 1913 முதல் 1918 வரை போட்ட அட்டைகளை அழித்துவிட்டார்கள். லஸ்கர்களை வேலைக்கு எடுத்த ஒப்பந்தமும் தனி, அந்தக் காகிதங்களில் மிஞ்சியவை கொஞ்சம்தான். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களை ஓட்டியதில் இவர்கள் பங்கு அவ்வளவு பெரியது.

ஆனாலும் மூன்று இடம் பாருங்கள். 1915-ஆம் ஆண்டின் கப்பல் ஊழியர் பட்டியல்களை முழுதாகத் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், கப்பல் பெயர் தெரிந்தால் அதை வைத்துத் தேடுங்கள். 1918 முதல் 1921 வரை கொடுத்த சி.ஆர். 10 என்ற அட்டைகளில் மாலுமியின் போட்டோவே ஒட்டியிருக்கும், மூல அட்டைகள் சவுதாம்ப்டனில் இருக்கின்றன, ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் சந்தா கட்டிப் பார்க்கலாம், இந்திய மாலுமிகளும் அதில் உண்டு. மூன்றாவது, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். போரில் கடலில் இறந்த இந்திய மாலுமிகளின் பெயர்கள் மும்பை நினைவுச்சின்னத்தின் கீழ் வரும். பெயரை முழுதாகப் போடாதீர்கள். மரைக்காயர், ராவுத்தர் எல்லாம் ஆங்கிலக் குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதியிருப்பார், முதல் மூன்று நான்கு எழுத்து போதும்.

காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுக் கடற்படைக்குப் போனவர்களை எங்கே தேடுவது?
வாசகி, காரைக்கால்

முதல் உலகப் போரில் இறந்தவர் என்றால் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மெம்வார் தெ ஸோம் தளம், இலவசம், பெயரோடு பிறந்த ஊரும் நாளும் இறந்த இடமும் இருக்கும் அட்டையையே காட்டும். அதற்கு முன்னால் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத் தளத்தில் காரைக்கால், புதுச்சேரியின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, பெயரைப் பிரெஞ்சில் எப்படி எழுதினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துக்கூட்டு இல்லாமல் போனால் எதுவும் சிக்காது.

குடும்பத்தில் யாரும் கடற்படையில் இல்லை. ஆனால் 1914-இல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்காரர்களையும், அதை முடித்தவர்களையும் பற்றிப் படிக்க ஆசை. ரெக்கார்டு பார்க்க முடியுமா?
வாசகர், மண்ணடி

தாராளமாக. செப்டம்பர் 22 இரவு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனை நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவில் முடித்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் ஏ 6770 என்ற தொடர் மாலுமிகளின் சர்வீஸ் அட்டைகள், ஏ 6769 அதிகாரிகளுடையது. ஸ்கேன் இருந்தால் காசில்லாமல் பார்க்கலாம். சிட்னியின் கேப்டன் கிளாசாப் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து போனவர், அவருக்கு லண்டன் கியூ காப்பகத்தில்தான் தேட வேண்டும். எம்டனில் பிழைத்தவர்களில் கேப்டன் வான் முல்லர் உட்படப் பலரை மால்டாவில் கைதியாக வைத்தார்கள். முதல் உலகப் போர்க் கைதிகளின் அட்டைகளைச் செஞ்சிலுவைச் சங்கம் ஆன்லைனில் போட்டிருக்கிறது. நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பெயரின் முதல் எழுத்துகளைக் கொடுத்தால் அட்டைக்கட்டு திறக்கும், பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் போக வேண்டும். அட்டையில் ஒரு நம்பர் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு அதே தளத்தின் கைதிப் பட்டியலில் போட்டால் அந்த ஆள் பிடிபட்ட விவரம் இருக்கும் பக்கத்துக்குப் போகலாம்.