தைலம் மட்டும் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் நடவு, களையெடுப்பு என்று வயல் வேலையிலேயே காலம் போனது. இடது உள்கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு வருடமாக ஆறாத புண். சுற்றிலும் தோல் கறுத்து அரிக்கிறது. மாலையில் கால் வீங்குகிறது. மத்தன் தைலம் போட்டால் ஆறிவருகிறது. நடவு தொடங்கினால் மறுபடியும் திறந்துகொள்கிறது. ஆயுர்வேதத்தில் வழி உண்டா?

பதில்: "நடவு தொடங்கினால் திறந்துகொள்கிறது" என்ற வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஊரில் இதை நரம்புச் சுருட்டு என்பார்கள். சுருண்டிருப்பது நரம்பு அல்ல, அசுத்த இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை. அதன் உள்ளே இருக்கும் கதவுகள் பழுதானால், நின்றுகொண்டே இருப்பவரின் இரத்தம் கணுக்காலில் தேங்கி, தோலைக் கறுக்கவைத்துப் பிறகு பிளக்கவைக்கிறது. தேக்கம் நிற்காமல் எந்தத் தைலமும் நிலைக்காது.

மத்தன் தைலம் சித்த மருந்து. குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆயுர்வேத ஜாத்யாதி தைலத்திலும் பிச்சி இலை, வேம்பு, மஞ்சளோடு, மத்தன் தைலத்தில் இருக்கும் அதே மயில்துத்தம் என்ற செப்பு உப்புதான் சேர்கிறது. ஆகவே புட்டியை மாற்றுவது பெரிய மாற்றமல்ல. அறுவை சிகிச்சைக்குப் பேர்போன பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சை சொல்கிறது. கட்டுகளில் மட்டும் 14 வகை. தேக்கத்தைக் குறைக்கும் அந்தக் கட்டைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ஆனால் உடனே கட்டிவிடாதீர்கள். முதலில் சர்க்கரையும், டாப்ளர் கருவியால் காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியின் ஓட்டமும் பார்க்க வேண்டும். தமனி அடைத்திருக்கும் காலை இறுக்கினால் விரல்கள் கறுத்து அழுகும். ஓட்டம் சரி என்றால், காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, விரல் அடியிலிருந்து குதிகாலையும் சேர்த்து முழங்காலுக்குக் கீழ் வரை இறுக்குக் கட்டுத்துணி சுற்ற வேண்டும். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. முதல் சில நாள் பயிற்சி பெற்றவரே கட்டட்டும். அதன் அடியில், வடிகட்டி ஆறவைத்த திரிபலா கஷாயத்தால் கழுவிய புண்ணின் மேல், தைலத்தில் தோய்த்த மெல்லிய துணி போதும். அரிக்கும் தோலில் தடவ வேண்டாம். பகலில் சில முறை படுத்து, காலை நெஞ்சுக்கு மேலே தலையணையில் உயர்த்தி வைக்கட்டும்.

தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச அட்டை விடுவதைப் பற்றியும் கேட்பீர்கள். இரத்தசோகை, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இருந்தால் கூடாது. வயலில் கடிக்கும் அட்டையைப் பிடித்துவிடுவது அறவே வேண்டாம். அதன் குடலில் வாழும் கிருமி புண்ணில் இறங்கிவிடும்.

அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்தியிருந்தால் இன்றே கொடுங்கள். புதுச் சதை வளர அதுதான் சரக்கு.

புண்ணின் விளிம்பு தடித்து மேடானாலோ, தொட்டதும் இரத்தம் கசிந்தாலோ சதைத் துணுக்கெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வருடப் புண்ணில் புற்றுநோய் வந்திருக்கவும் கூடும். காய்ச்சலோடு சிவப்பு பரவினால் அன்றே மருத்துவமனை.

புண் மூடும் வரை சேற்றில் இறங்க வேண்டாம். மூடிய பிறகும் பகல் முழுக்க இறுக்கு காலுறை அணியட்டும். அது தொளதொளத்துவிட்டால் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.